நான் மைக்கில் சொன்ன பேர்

நான் ஐந்தாவது வரைதான் படித்தேன். எழுத்து கோணல்மாணலாக இருக்கும், சிலது மறந்தும் போயிருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். போன வருஷம் ஐப்பசியில் வத்தலக்குண்டு பஸ் நிலையத்தில் நடந்தது இது.

என் வீட்டுக்காரர் பேரும், எங்கள் மலைக்குக் கீழே முருகன் கோயில் இருக்கிற ஊரின் பேரும் ஒன்று. புருஷன் பேரைச் சொன்னால் அவருக்கு ஆயுசு குறையும் என்று சொல்லி என்னை வளர்த்தார்கள். அதனால் அந்த ஊர்ப் பேரையும் நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. பஸ்ஸில் "கோயிலுக்கு ரெண்டு" என்றுதான் டிக்கெட் கேட்பேன். பிள்ளைகளின் இனிஷியலும் அவர் பேர்தான். பள்ளிக்கூடத்தில் கேட்டால் ரேஷன் கார்டை நீட்டிவிடுவேன்.

அன்று அவருக்குக் கண் ஆபரேஷன் முடித்து மலைமேல் இருக்கிற எங்கள் ஊர் வடகவுஞ்சிக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். ஒரு கண்ணில் கட்டு, மற்றதில் மங்கல். பெஞ்சில் உட்கார வைத்துவிட்டுத் தண்ணீர் வாங்கப் போனேன். வந்து பார்த்தால் ஆளைக் காணோம். பஸ்கள் பின்பக்கமாக வந்து திரும்புகிற இடம்.

டைம் ஆபீசுக்கு ஓடினேன். அங்கே மைக்கில் பேசுகிறவர், "ஆள் பேரு என்னம்மா?" என்றார்.

"முருகன் ஊருங்க."

"திருச்செந்தூரா?"

"இல்லைங்க, நம்ம பக்கத்து ஊரு..."

"அட, வெரசா பேரச் சொல்லுங்கம்மா!"

ரேஷன் கார்டு இருந்த பை என் வீட்டுக்காரர் கையில். வாசலில் பூ விற்ற அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. "பேரச் சொன்னா ஆயுசு கொறையுமாக்கும்! அந்த மனுசன் பஸ்ஸுக்கு அடியில போனா மட்டும் கூடுமா?" என்று ஒரு போடு போட்டாள்.

சுருக்கென்றது. மைக்கை நானே வாங்கிக்கொண்டேன். "ஏங்க... பழனி! நாந்தாங்க பேசுறேன். நின்ன எடத்துலயே நின்னு கையத் தூக்குங்க!"

பின்பக்கமாக வந்துகொண்டிருந்த ஒரு பஸ்ஸுக்குப் பக்கத்தில் ஒரு கை உயர்ந்தது. கண்டக்டர் விசிலை ஊதி பஸ்ஸை நிறுத்தினார். நான் ஓடிப்போய் என் வீட்டுக்காரர் கையைப் பிடித்தேன்.

"நாப்பது வருசமா வாயத் தெறக்கல. தெறந்தா ஊருக்கே கேக்குற மாதிரியாடி கூப்புடுவ?" என்று சிரித்தார்.

அவரைக் காக்கிறேன் என்று அத்தனை வருஷம் வாயை மூடியிருந்தேன். காத்தது வாயைத் திறந்ததுதான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சந்தேகமெல்லாம் கட்டுப் போட்டது வலது கண்ணா இடது கண்ணா என்பதில்தான். யாராவது அவரைக் கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.