ரோஜாப்பூ படத்தில் வந்த மன்னிப்பு

அல்லாஹ்வுக்குச் செய்த பாவத்துக்கு அல்லாஹ்விடம் தவ்பா செய்து மன்னிப்புக் கேட்கலாம். சக மனிதனான அடியானுக்குச் செய்த பாவத்துக்கு முதலில் அந்த அடியானிடம் போக வேண்டும். ஒருவர் மானத்தைக் கெடுத்தவர், கெடுத்த இடத்துக்கே போய், தான் சொன்னது பொய் என்று சொல்ல வேண்டும். மதரஸாப் பிள்ளைக்கும் தெரிந்த விதி. தாலுகா அலுவலகத்தில் தலை நரைத்தவன் நான். இதற்கு விதிவிலக்கு எதையும் பார்த்ததில்லை.

சேலையூரில் எங்கள் தெருக்காரர் ஜப்பார் பாய். தொழுகையில் எப்போதும் முன்வரிசை. என் மகள் நஸ்ரின் பள்ளி ஆசிரியை. போன ரமலானில் நோன்போடு கேம்ப் ரோடு வெயிலில் வந்தவள், வாசலில் மயங்கி விழுந்தாள். அவ்வளவுதான் நடந்தது. அவளுக்கு வண்டலூரில் சம்பந்தம் பேசி முடித்தபோது ஜப்பார் பாய் அந்த வீட்டுக்கே போய், "பொண்ணுக்கு வலிப்பு இருக்கு, என் கண்ணால பாத்தேன்" என்றார். மாப்பிள்ளையைத் தன் தம்பி மகளுக்குப் பேசி முடிக்கும் ஆசை. சம்பந்தம் முறிந்தது.

நஸ்ரின் வேலைக்குப் போவதை நிறுத்தினாள். "அத்தா, நான் நோயாளியா?" என்று கேட்டாள்.

மக்காவுக்கு உம்ரா யாத்திரை போகிறவர்கள் வீடு வீடாகப் போய் மன்னிப்புக் கேட்பது நம் வழக்கம். ஜப்பார் பாய் அந்தச் சிரமத்தைக் குறைத்துக்கொண்டார். வாட்ஸ்அப்பில் ஒரு ரோஜாப்பூ படம். "தெரிந்தோ தெரியாமலோ தவறு செய்திருந்தால் மன்னிக்கவும்." ஊருக்கே ஒரே சுற்றறிக்கை.

"எந்தத் தவறு? யாரிடம் சொன்னது? விவரம் தேவை" என்று பதில் அனுப்பினேன். படித்தார். பதில் இல்லை. மக்காவிலிருந்து இஹ்ராம் வெள்ளையுடையில் புகைப்படம் மட்டும் வந்தது.

வெள்ளிக்கிழமை அசர் தொழுகைக்குப் பிறகு கையேந்தினேன். "யா அல்லாஹ், அந்த ஆளின் உம்ராவை ஏற்காதே!"

மனைவி காதில் விழுந்துவிட்டது. "ஏங்க, இது துஆவா, புகார் மனுவா? அவரு உம்ரா கேன்சலானா நம்ம புள்ள சிரிச்சிருமா? புள்ளைக்குக் கேளுங்க."

அவள் மீதும் கோபம் வந்தது. பிறகு அழுகை வந்தது. "ரப்பே, பொய் சொன்ன வாயாலேயே உண்மையைச் சொல்ல வை" என்று கேட்டேன். அதன்பின் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அவர் ஊர் திரும்பிய பிறகு குரல் பதிவொன்று வந்தது. "பாய், கஃபா முன்னாடி கையத் தூக்குனா துஆவே வரல, உங்க பாப்பா முகம்தான் வந்துச்சு. வண்டலூர்லேர்ந்து பேசறேன். நான் சொன்னது பொய்னு அந்த வீட்ல எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேன். நம்ம தெருவுலயும் சொல்றேன். பாப்பா என்ன மன்னிக்குமா?"

நஸ்ரின் அதைத் திரும்பத் திரும்பக் கேட்டாள். "மன்னிச்சிட்டேன்னு சொல்லுங்கத்தா. ஆனா அந்த மாப்பிள்ளை வேணாம். நம்மள ஒரு வார்த்தை கேக்காம நம்புனவங்க." திங்கட்கிழமை ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போனாள். அல்ஹம்துலில்லாஹ்.

என் கோபம் முழுதும் ஆறவில்லை. ஆறியது என்று எழுதினால் அதுவும் பொய். ஆனால் இப்போது யாருக்கும் கேடு கேட்டு நான் கையேந்துவதில்லை. அநீதிக்கு ஆளான சகோதரர்களே, கேளுங்கள், கேட்பவன் இருக்கிறான். அநீதி செய்தவர்களே, பூப்படம் அனுப்பாதீர்கள். செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புங்கள்.

ஜப்பார் பாயின் அந்தக் குரல் பதிவு வந்தது ரஜப் மாதம் பிறை இருபது; நான் முதலில் கையேந்தியது போலவே ஒரு வெள்ளிக்கிழமை.