அடுப்படியில் ஒரு ஸ்பீக்கர்

சிராஜ் பாய் போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நான் கறம்பக்குடியில் ஒரு காதுகுத்து வீட்டுப் பந்தியில் உட்கார்ந்திருந்தேன். துபாயிலிருந்து அவருடைய மகன் ரியாஸ் பேசினான். "மாமா, அத்தா மவுத்தாயிட்டாங்க. விடியக்காலம் நெஞ்சு வலின்னு பக்கத்து வீட்டுக்காரங்க தூக்கிட்டுப் போயிருக்காங்க. வழியிலேயே முடிஞ்சிருச்சு. ஊருக்குக் கொண்டு போறாங்க, சாயங்காலம் அஸர் தொழுகைக்கப்புறம் அடக்கம்" என்றான். இலையை மூடிவிட்டு எழுந்தேன். அவருடைய ஊர் கடற்கரைப் பக்கம். அறந்தாங்கியில் பஸ் மாறவேண்டும். அன்றைக்கென்று பஸ் நேரத்துக்கு வரவில்லை. நான் போய் இறங்கியபோது, கையில் ஒட்டிய மண்ணைத் தட்டியபடி நம் கல்லூரி நண்பர்கள் நீங்கள் எல்லாரும் அடக்கத்தலத்திலிருந்து திரும்பி வந்துகொண்டிருந்தீர்கள். அத்தனை வருடம் பக்கத்து மேசையில் உட்கார்ந்தவனுக்கு முகம் பார்க்கக் கிடைக்கவில்லை. அந்த வருத்தம் போகாது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நம் கல்லூரி அலுவலகத்தில் அவர் கண்காணிப்பாளராக இருந்ததை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பாட்டுப் பிரியர் என்பதும் தெரியும். ஆனால் சத்தம் ஆகாது. ஆண்டு விழா நாட்களில் காதில் பஞ்சை வைத்துக்கொண்டு சம்பளப் பட்டியல் போடுவார். ஒரு முறை கட்டண ரசீது விஷயமாக ஒரு மாணவன் மேசையைத் தட்டிக் கத்தினான். நாங்கள் எல்லாரும் எழுந்துவிட்டோம். பாய் நாற்காலியை அவன் பக்கம் நகர்த்தி, "உக்காந்து கத்துங்க தம்பி, அப்பதான் தொண்டை தாங்கும்" என்றார். அவன் உட்கார்ந்தான். அதன் பிறகு அவனால் கத்த முடியவில்லை, சிரித்துவிட்டான்.

அவர் ஓய்வு பெற்ற சில மாதங்களில் அவர் மனைவி நூர்ஜஹான் அக்கா இறந்துபோனார். மகன் துபாயில், மகள் சிங்கப்பூரில். பாய் புதுக்கோட்டை வீட்டிலேயே தனியாக இருந்தார். எனக்கும் அதே கதைதான், வேறு மாதிரி. என் மனைவி பேரனைப் பார்த்துக்கொள்ளப் பெங்களூரில் மகள் வீட்டில் இருக்கிறாள். ஆகவே சனிக்கிழமை சாயங்காலம் ஆனால் நான் பாய் வீட்டில் இருப்பேன். இரண்டு பேருமே பேச்சுத்துணைக்கு ஆள் இல்லாமல் காய்ந்து கிடந்தோம். அதை வெளியே சொல்லிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

அப்படி ஒரு சனிக்கிழமையில்தான், கம்ப்யூட்டருக்கு ஸ்பீக்கர் வாங்கவேண்டும், கூட வாருங்கள் என்றார். வீடியோவில் பேசுவதற்காக ரியாஸ் வாங்கிக் கொடுத்த கம்ப்யூட்டர் அது. அதிலிருந்து வருகிற பாட்டு தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவது போல இருந்தது. நானும் ஒரு மணி நேர வேலை என்று நினைத்துக் கிளம்பினேன். கீழ ராஜ வீதியில் தொடங்கி, பேருந்து நிலையம் வரைக்கும் ஒரு கடை பாக்கி இல்லை. அடுத்த சனிக்கிழமையும் அதே. அதற்கடுத்ததும் அதே. எனக்குச் செருப்பு தேய்ந்தது. அவருக்கு முகம் வாடவில்லை.

தேர்ந்தெடுப்பதில் அவருக்கென்று ஒரு முறை இருந்தது. "பெட்டியில எத்தனை வாட்ஸ்னு எழுதியிருக்குங்கறதைப் படிக்காதீங்க கருப்பையா. அதை எழுதுனவரு பாட்டு கேக்குறவரு இல்லை" என்பார். கடைக்காரர் போடுகிற பாட்டைக் கேட்கமாட்டார். தமக்கு மனப்பாடமான ஒரு பழைய பாட்டைப் பென்டிரைவில் கொண்டுபோவார். சத்தத்தைப் பாதிக்கு மேல் வைக்க விடமாட்டார். ஸ்பீக்கரைக் கையில் தூக்கிப் பார்த்து, பொம்மை மாதிரி லேசாக இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுவார். ஒரு கடையில் தரையில் வைக்கிற பெரிய பெட்டியோடு ஒரு செட்டைப் போட்டுக் காட்டினார்கள். மேசை மேலிருந்த பில் புத்தகம் நடந்தது. "இடி நல்லா விழுகுது. பாட்டு எங்கிட்டு இருக்கு?" என்று கேட்டார் பாய். கடைக்காரருக்குக் கோபம் வரவில்லை, அவரும் குனிந்து தேடுவதுபோலப் பாவனை செய்தார்.

இதெல்லாம் எனக்குப் புரிந்தது. புரியாதது ஒன்றுதான். நன்றாக இருக்கிறது என்று அவரே ஒப்புக்கொண்ட செட்டையும் கடைசியில் வேண்டாம் என்றார். ஒவ்வொரு கடையிலும் கடைசிக் கேள்வி ஒன்றே: "ரெண்டு பெட்டிக்கும் நடுவுல ஒயர் எம்புட்டு நீளம் வரும்?" எல்லாவற்றிலும் ஒரு மேசை அகலத்துக்குத்தான் ஒயர் இருந்தது. "பாய், புளூடூத் ஸ்பீக்கர் வாங்கிருங்க, ஒயரே வேணாம், ஒரே டப்பா" என்றார் ஒருவர். "ஒரே டப்பாவுல ரெண்டு பேரு எப்படிங்க இருக்கறது?" என்று சொல்லிவிட்டு பாய் இறங்கிவிட்டார். எனக்குப் பொறுமை போய்விட்டது. "பாட்டு கேக்கப் போறீங்களா, கொடி கட்டித் துணி காயப்போடப் போறீங்களா?" என்று தெருவிலேயே கேட்டேன்.

அப்போதுதான் சொன்னார். சாயங்காலம் அவர் ஹாலில் உட்கார்ந்து ஒரு அடியைப் பாடுவாராம். அடுத்த அடி அடுப்படியிலிருந்து வருமாம். அக்கா வேலையை நிறுத்தமாட்டார், வெளியே வரமாட்டார், வெங்காயத்தை அரிந்துகொண்டே பாடுவார். பழைய ஸ்டீரியோ பாடல்கள் சிலவற்றில் ஆணின் குரல் ஒரு ஸ்பீக்கரிலும் பெண்ணின் குரல் மற்றதிலும் பிரிந்து வரும். "ஒரு பெட்டி ஹால்ல, ஒரு பெட்டி அடுப்படியில. அம்புட்டுத்தாங்க எனக்கு வேணும்" என்றார். அடுத்த வாரம் நானே ஒரு சின்னக் கடையில் விசாரித்து, பெட்டியின் பின்புறம் வெறும் ஒயரைச் செருகி அமுக்குகிற மாதிரி ஒரு செட்டைக் கண்டுபிடித்தேன். அதில் எவ்வளவு நீளத்துக்கு வேண்டுமானாலும் ஒயர் மாட்டிக்கொள்ளலாம். மரப்பெட்டி, கனம் இருந்தது, விலையும் கைக்கு அடக்கம். பாய் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு என் தோளில் கை வைத்தார்.

மாட்டிய அன்று முதலில் இடம் மாறிப்போனது. ஆணின் குரல் அடுப்படியிலிருந்து வந்தது. "அவ இருந்தா சந்தோசப்பட்டிருப்பா. எத்தனை தடவை சொல்லியிருப்பா, ஒரு நாளாவது அடுப்படியில நில்லுங்கன்னு" என்று பாய் சிரித்தார். ஒயரை மாற்றிச் செருகினோம். பாட்டு ஆரம்பித்தது. பெண்ணின் குரல் அந்தப் பக்கத்திலிருந்து வந்ததும், அவர் எழுந்து போனார். நிலைப்படியில் நின்று உள்ளே பார்த்தார். மசாலா டப்பாக்களுக்குப் பக்கத்தில் அந்தப் பெட்டி இருந்தது. திரும்பி வந்து உட்கார்ந்து, "பாட்டு ஓடும்போது அங்கிட்டுப் போகக் கூடாதுங்க" என்றார். அதுவே அந்த வீட்டின் சட்டமாகிவிட்டது. டீயை முதலிலேயே போட்டுக்கொண்டு வந்துவிட வேண்டும். தண்ணீர் தாகம் எடுத்தாலும் பாட்டு முடிகிறவரை பொறுத்துக்கொள்ள வேண்டும். ஹாலில் உட்கார்ந்திருக்கிற வரைக்கும் உள்ளே ஒரு ஆள் இருந்தது.

அடக்கம் முடிந்த மறுநாள்தான் ரியாஸால் வந்து சேர முடிந்தது. அவனும் முகம் பார்க்கவில்லை. அந்த வார இறுதியில் புதுக்கோட்டை வீட்டை ஒழுங்குபடுத்த என்னைக் கூப்பிட்டான். சுவரோரமாக ஓடிய ஒயரைப் பார்த்து, "அத்தாவுக்கு மாட்டத் தெரியலை போல மாமா. ரெண்டையும் கம்ப்யூட்டர் பக்கத்துலதான வைக்கணும்?" என்று சுருட்ட ஆரம்பித்தான். "இல்ல தம்பி, சரியாத்தான் வச்சிருந்தாங்க" என்று நடந்ததைச் சொன்னேன். ஒயர் பாதி கையில் இருக்க அப்படியே நின்றான். "அம்மா பாடுவாங்களா? நாங்க இருந்தப்ப ஒரு நாளும் பாடிக் கேட்டதில்லையே" என்றான்.

"நீங்க ரெண்டு பேரும் போன பின்னாடிதான் தம்பி பாட ஆரம்பிச்சாங்களாம். வீடு வெறிச்சுன்னு இருந்துச்சாம்" என்றேன். வேறு எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. அவன் ஒயரைப் பழையபடி சுவரோரம் விட்டுவிட்டான். ஸ்பீக்கரை எடுத்துக்கொள்ளச் சொன்னான். நான் வேண்டாம் என்றேன். அந்தப் பாட்டை என் வீட்டில் போட்டால் அது யாருடைய அடுப்படியிலிருந்து வரும்?

பாயிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது வேறு. ஒரு சனிக்கிழமை நான் அங்கே இருந்தபோது பெங்களூரிலிருந்து என் மனைவி கூப்பிட்டாள். வழக்கம்போல ஸ்பீக்கரில் போட்டு, போனை மேசைமேல் வைத்துவிட்டு, முறுக்கைத் தின்றுகொண்டே உம் கொட்டினேன். பாய்க்கு முகம் மாறிவிட்டது. போனை எடுத்து என் கையில் கொடுத்து, "இருக்கறவங்க குரலை மேசையில போடாதீங்க கருப்பையா. காதுல வச்சுக் கேளுங்க" என்றார். எங்களுடைய அத்தனை வருடப் பழக்கத்தில் அவர் என்னைக் கடிந்து சொன்னது அது ஒன்றுதான். அந்தப் பழக்கத்தைத்தான் அவரிடமிருந்து வைத்துக்கொண்டிருக்கிறேன்.

ரியாஸிடம் விடைபெற்று வீட்டுக்கு வந்ததும் அவளைக் கூப்பிட்டேன். சாப்பிட்டீங்களா என்றாள். பாய் வீட்டுக்குப் போய்வந்ததைச் சொன்னேன். பிறகு, இதுநாள்வரை நான் கேட்டிராததைக் கேட்டேன். "நீ எப்ப வருவ?"

"வந்துட்டா, இங்க பிள்ளையை யாருங்க பாக்குறது?" என்றாள்.

போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவளும் வைக்கவில்லை.