பூட்டுப் போட்ட லேயர்

1. முதல் நாள்

ஆரம்பாக்கத்தில் ரயில்வே ஸ்டேஷன் போகிற வழியில் இருந்த பிளெக்ஸ் கடையில் சேர்ந்த அன்று, மானிட்டரைப் பார்த்ததும் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டேன். மெனு முழுக்க இங்கிலீஷ். நான் தமிழ் மீடியம். கடை ஓனர் பாஸ்கர் அண்ணன் ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எழுத்த வுடும்மா. இடது பக்கம் சின்னச் சின்னதா படம் கீது பாரு. பூதக்கண்ணாடி இன்னா பண்ணும்?"

"பெரிசாக் காட்டும்."

"ரப்பரு?"

"அழிக்கும்."

"அவ்ளோதான். தப்பாப் பூட்சுன்னா கன்ட்ரோல் இசட் அடி, பழையபடி வந்துடும். பயப்படாத."

அந்த ஐகான்களைப் பிடித்துக்கொண்டுதான் நான் டிசைனர் ஆனேன்.

2. மாரி

சில வருஷம் கழித்து, பசியாவரம் மீனவக் கிராமத்திலிருந்து மாரி வந்தார். என் வயதுதான் இருக்கும். காது கேட்காது, பேச்சும் வராது. பள்ளிக்கூடமும் போனதில்லை. படகில் ஏதாவது ஆபத்தென்று கத்தினால் கேட்காதே என்று பயந்து, அவருடைய அண்ணன்கள் கரையில் ஒரு வேலை தேடினார்கள். வேலை கற்றுத்தரும் பொறுப்பு என்னிடம் வந்தது.

அவருடைய சைகை எனக்குத் தெரியாது. எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தது ஐகான்கள்தான். விரல்களை வளையமாக்கிக் கண்ணில் வைத்தால் பூதக்கண்ணாடி. உள்ளங்கையைத் தேய்த்தால் ரப்பர். இரண்டு விரலைக் கத்தரி மாதிரி ஆட்டினால் கட்டிங், அதாவது ஆளை மட்டும் படத்திலிருந்து வெட்டி எடுப்பது. முடி ஓரத்தைக்கூடப் பிசிறில்லாமல் வெட்டுவார். டீ வேண்டும் என்பதற்கும் ஒரு ஐகான் கண்டுபிடித்து வைத்திருந்தோம்.

3. தோளில் ஒரு கை

ஒருநாள் எளாவூரிலிருந்து ஒரு கல்யாண பேனர் ஆர்டர். பெண்ணும் அவள் அம்மாவும் தாய்மாமனும் வந்திருந்தார்கள். மாமா தன் போனில் ஒரு போட்டோவைக் காட்டினார். பெண் வாய்விட்டுச் சிரிக்கிறாள். பக்கத்தில் நிற்கும் அப்பா அவள் தோளில் கை போட்டிருக்கிறார்.

"இதுலதான் புள்ள நல்லா சிரிச்சிக்கீது. இத்தையே போடுங்க. ஆனா கூட நிக்கிறவரு வேணாம். அவரு போயி ஒரு வருசம் ஆவல. நல்ல காரியத்துல அந்தக் கை கூட தெரியக் கூடாது."

"எடுத்துடலாம் சார்" என்றார் பாஸ்கர் அண்ணன். பெண்ணும் அம்மாவும் மாமாவுக்குப் பின்னால் நின்றிருந்தார்கள்; அவர்களை யாரும் கேட்கவில்லை.

நான் மாரிக்குக் கத்தரி காட்டினேன், பிறகு ரப்பர் காட்டினேன். தலையாட்டினார்.

மறுநாள் பிரிண்டுக்கு அனுப்பும்போது பார்த்தால், அப்பா இல்லை, தோளில் கை மட்டும் அப்படியே இருக்கிறது. கை தனியாக மிதக்கிற மாதிரி தெரியாமல், மணிக்கட்டுக்கு மேலே பூமாலை டிசைன் வந்து மூடியிருந்தது. நான் ரப்பரை எடுத்தேன். அழியவில்லை. படத்தின் ஒவ்வொரு பகுதியும் தனித்தனி அடுக்காக, லேயராக இருக்கும்; கை இருந்த லேயருக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு பூட்டு ஐகான். வேண்டுமென்றே பூட்டியிருக்கிறார்.

திரும்பிப் பார்த்தேன். மாரி முஷ்டியைச் சாவி திருகுவது போலத் திருகிக் காட்டினார். பிறகு தன் இடது தோளைத் தானே தொட்டுக்கொண்டு தலையைக் குனிந்தார். முந்தின நாள் மாமா பேசிக்கொண்டிருந்தபோது அந்தப் பெண் அப்படித்தான் நின்றிருக்கிறாள். நாங்கள் மாமா பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தோம். மாரி அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அண்ணனுக்குக் கோபம். "ஆர்டர் குடுத்தவரு ஒண்ணு சொன்னா இவரு ஒண்ணு பண்ணுவாரா? கடை நடத்துறதா வேணாமா? நாளைலேர்ந்து இவரு வரவேணாம்."

"அண்ணே, பிரிண்டு போடறதுக்கு முன்னாடி பொண்ண ஒரு வாட்டி கேட்டுக்கலாம்ணே" என்றேன். முணுமுணுத்துக்கொண்டே போனைக் கையில் கொடுத்தார்.

மத்தியானம் மூவரும் வந்தார்கள். மானிட்டரைப் பார்த்ததும் மாமாவின் முகம் மாறியது.

"இன்னாங்க இது? நான் இன்னா சொன்னேன்?"

பெண் மெதுவாகச் சொன்னாள். "மாமா, எங்க நைனா கை. இருக்கட்டும் மாமா."

"ஊரு ஒரு மாதிரி பேசும் கண்ணு."

"பேசட்டும்ணா" என்றாள் அம்மா. "அவரு இருந்திருந்தா இந்தக் கைதான தாரை வாத்துக் குடுக்கும்."

மாமா வெளியே போய்விட்டார். ஆர்டர் போச்சு என்று அண்ணன் என்னைப் பார்த்தார். மாரி தன் கீபோர்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் விஷயம் புரிந்துதான் இருந்தது.

கொஞ்ச நேரத்தில் மாமா திரும்பி வந்தார். முகம் கழுவியிருந்தார். மானிட்டருக்குக் கிட்டே குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"மச்சான் கை கொஞ்சம் இருட்டா கீது" என்றார். "வெளிச்சமாப் பண்ணுங்க."

நான் மாரிக்குப் புறங்கையைத் தொட்டுக் காட்டி, மேலே டியூப்லைட்டைக் காட்டினேன். அவர் பூட்டைத் திறந்து வேலையை ஆரம்பித்தார். மறுநாள் மாரி வந்தபோது அண்ணன் அடுத்த போட்டோவைக் கொடுத்தார்.

இப்போது என்னிடம் வேலை கற்க வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வதுண்டு. ஐகான்கள் சீக்கிரம் கைக்கு வந்துவிடும். ரப்பரைத் தொடும் முன்பு, எதை அழிக்கக் கூடாது என்று வந்தவர்களிடம் கேளுங்கள். பேசாமல் நிற்கிறவரிடம் முதலில் கேளுங்கள்.