மைக்கை அணைத்த பிறகும்

டீக்கடை ரேடியோவில் பாட்டுப் போட்டி. ஒரு பெண் தடுமாறிப் பாடிக்கொண்டிருந்தாள். "இதெல்லாம் ஒரு பாட்டா?" என்று கடைக்காரர் குமிழைத் திருகப் போனார். "வைங்கண்ணா, அந்தப் புள்ள முடிக்கட்டும்" என்றேன். யாரோ ஒரு வீட்டுப் பெண் துணிந்து வந்து நிற்கிறாளே, அதற்காகத்தான் நான் போட்டிகளைக் கேட்கிறேன்.

நான் நாலாவது படிக்கையில், பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் எங்கள் ஊர்த் திருவிழாவிலும் போட்டி நடந்தது. வறுத்த கடலை வாசமும் ஜெனரேட்டர் புகையும் கலந்து வீசிய கூட்டத்தின் முன்னால் என் அக்கா மேடையேறினாள். அதுவரை களையெடுக்கும்போது மட்டுமே பாடியவள்.

இரண்டு வரி தாண்டவில்லை. "பொட்டப்புள்ளைக்கு எதுக்குடா மைக்கு? வூட்டு மானம் போவுது, அணைடா!" என்று பெரியப்பா கத்தினார். மைக்செட்டுக்காரர் அணைத்தார். அக்கா நிறுத்தவில்லை.

பொங்கல் வைத்துக்கொண்டிருந்த அம்மா கரண்டியோடு எழுந்து வந்தாள். "எம் புள்ள பாடறது காதுல வுழுவல. ஆம்பளைங்க கொஞ்சம் வாய மூடுங்க!"

கூட்டம் அடங்கியது. அக்கா கடைசி வரி வரை பாடினாள்.

பரிசு வேறொருவருக்குப் போனது. "என்னத்தக் கிழிச்ச?" என்றார் பெரியப்பா.

"முழுசா பாடிட்டேனுங்களே பெரியப்பா. அடுத்த வருசமும் பாடுவேனுங்க."