மாமனார் எழுதிய கொலைகாரன்

நான்கு நீளக் கோட்டு நோட்டுகள். ரஞ்சன்காவில் ஓர் ஆலையில் போர்மேனாக இருந்து ஓய்வு பெற்ற என் மாமனார், புனேயில் நிக்டி வீட்டுப் பால்கனியில் உட்கார்ந்து மூன்று வருடம் எழுதிய துப்பறியும் நாவல். ஏழு பேரைக் கொன்றவனை ஓர் இன்ஸ்பெக்டர் புனே முழுக்கத் தேடுகிறார். மாமா போய்ப் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் அத்தை அதை என்னிடம் கொடுத்தார். வேறு யாரிடம் கொடுப்பது? என் கணவர் புனேயிலேயே பிறந்து வளர்ந்தவர். தமிழ் பேசுவார், ஓர் எழுத்து படிக்கத் தெரியாது. அத்தைக்குக் கண் சரியில்லை. கோயம்புத்தூரிலிருந்து வந்த நான் ஒருத்திதான் மிச்சம். மாமாவுக்கும் அது தெரியும். "முடிச்சதும் நீதாம்மா படிக்கோணும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

சமையலை அப்படியே போட்டுவிட்டுப் படித்தேன். இரண்டாவது நோட்டில் ஓர் இடத்தில் நின்றுவிட்டேன். கொலைகாரன் பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்க்கிறான். படியிறங்கிவிட்டுத் திரும்ப ஏறி வந்து நான்காவது முறையும் இழுக்கிறான். பால் பாக்கெட்டின் மூலையைத் துண்டாக்காமல் தொங்க விட்டு வெட்டுகிறான். இடது காதுக்குப் பின்னால் மச்சம். அட கடவுளே, இது என் வீட்டுக்காரர்! எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. பெற்ற பிள்ளையை எவராவது கொலைகாரனாக்குவாரா? என்னிடம் எதையோ சொல்ல வந்தாரா? அப்படியென்றால் வாயைத் திறந்து சொல்லித் தொலைத்திருக்கலாமே! இல்லை, மகனோடு சேர்ந்தாற்போல நாலு வார்த்தை பேசாத மனிதர், அவரை இவ்வளவு உன்னிப்பாகப் பார்த்துக்கொண்டா இருந்தார்? கட்டிக்கொண்ட நானே அந்த மச்சத்தை ஆறு மாதம் கழித்துத்தான் கவனித்தேன்.

கடைசி நோட்டை மூடியபோது என் கணவர் எதிரே வந்து உட்கார்ந்தார். "கொலை பண்றது யாரு, சொல்லு நா," என்றார். "வாட்ச்மேனுங்க," என்றேன். சிரித்தார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "அரே, அப்பா என்னைப் பத்தி ஒண்ணுமே எழுதலையா?" என்று கேட்டார். "எழுதியிருக்காருங்க. அந்த இன்ஸ்பெக்டரே நீங்கதானுங்க," என்று சொல்லிவிட்டேன். சாவு வீட்டில் ஒரு சொட்டு அழாத மனிதர், நோட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார்.

செய்தது சரியா தப்பா, இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அடுத்த வாரமே ஔந்தில் தமிழ் சொல்லித்தரும் ஒருவரைப் பிடித்துவிட்டார். அப்பா எழுதியதைத் தானே படிக்க வேண்டுமாம். ஆபீஸ் விட்டு வந்ததும் க, ங, ச. நேற்று முதல் பக்கத்தைத் தப்பில்லாமல் படித்து முடித்தார். முகமெல்லாம் சிரிப்பாக என்னைப் பார்த்து, "நான் எத்தனாவது பக்கத்துல வர்றேன்?" என்று கேட்டார்.