ஒரே நாளில் ஏழு துண்டு

அந்த ஓட்டலின் சலவைக்கூடத்தில் கறை எடுக்கும் மேஜை அவளுடையது. பதினாலு வருடமாக முன்பின் தெரியாதவர்களின் வாந்தியையும் ரத்தத்தையும் எச்சிலையும் தேய்த்தவள். எல்லோருக்கும் அவள் கறைக்காரம்மா. எந்தத் துணியைப் பார்த்தும் மூக்கைச் சுளிக்க மாட்டாள். அவளுக்குக் குமட்டிக்கொண்டு வருவதெல்லாம் மனிதர்களைப் பார்த்துத்தான். அந்த வருடம் அதற்குக் குறைவே இல்லை.

மூத்த மகளுக்கு ஒன்பது வயது. வாய் ஓயாமல் பேசும் பெண். திடுதிப்பென்று வேறு ஆளாகிப் போனாள். கதவைத் தொட மாட்டாள், தட்டைத் தூக்கி எறிவாள், தோல் உரிகிற வரை கை கழுவுவாள். அம்மா கிட்டே வந்தாலே வீறிட்டாள்.

"தொடாதம்மா! உன் மேல ஊர் அழுக்கெல்லாம் இருக்கு!"

வளர்ப்பு சரியில்லை என்று பள்ளித் தலைமையாசிரியை முகத்துக்கு நேரே சொன்னார். டாக்டர்கள் மூன்று பேரைப் பார்த்தாயிற்று. முதல் ஆள் தலையை நிமிர்த்தவே இல்லை.

"எப்ப ஆரம்பிச்சது?"

"ஸ்கூல் திறந்த வாரம் டாக்டர். தட்டைத் தூக்கி எறிஞ்சா."

"அதுக்கு முன்னாடி காய்ச்சல் கீய்ச்சல்?"

"வந்துச்சு, ஒரு மாசத்துக்கு முன்னாடி. அது நல்லாயிடுச்சு."

"அப்ப ஸ்கூலுக்குப் போகாம இருக்க நாடகம் போடுறா. செல்லத்தைக் குறைங்க."

மற்ற இரண்டு பேரும் அதையே வேறு வேறு குரலில் சொன்னார்கள். இதற்கா அத்தனை படிப்பு என்று மனதுக்குள் காறித் துப்பிவிட்டு வந்தாள்.

அரை வருடம் இப்படியே போனது. அப்புறம் சின்னவன். ஆறு வயதுப் பையன், தொண்டை வலியும் காய்ச்சலுமாகக் கிடந்து எழுந்தான். பத்து நாள்கூட ஆகவில்லை. ஓயாமல் கண்ணைச் சிமிட்டினான், தோளை வெட்டி வெட்டி இழுத்தான், படுக்கையை நனைத்தான், சாப்பாட்டில் விஷம் இருக்கிறது என்று வாயை இறுக மூடிக்கொண்டான்.

கணவனின் அக்காவுக்கு இது போதாதா?

"எல்லாம் அக்காவைப் பாத்து ஆடுறான். ஞாயித்துக்கிழமை வந்து இவனை நான் கூட்டிட்டுப் போறேன். அவளை எங்கயாவது ஹாஸ்டல்ல தள்ளுங்க, தன்னால திருந்துவா."

கதவுக்குப் பின்னால் பெண் நிற்பது தெரிந்தே, வாய் கூசாமல் சொன்னாள். கணவன் தரையைப் பார்த்துக்கொண்டு தலையாட்டினான். அந்தத் தலையாட்டலைப் பார்க்கவே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

சனிக்கிழமைகளில் ஊழியர்கள் வீட்டுத் துணியைக் கொண்டுவந்து துவைத்துக்கொள்ளலாம். ஆனால் சொந்தத் துணியானாலும் என்ன துணி, என்ன கறை, என்றைக்கு வந்தது என்று சீட்டு எழுதாமல் மேஜைக்கு வரக் கூடாது. சின்னவனின் விரிப்புக்குச் சீட்டு எழுதியவள், போன சீட்டைப் பார்த்தாள். அவனுடைய தலையணை உறை, சளி, காய்ச்சல். இடையில் ஒன்பதே நாள். ஏதோ உறுத்த, நகல் கட்டைப் பின்னோக்கிப் புரட்டினாள். மகளின் தலையணை உறை, சளி, காய்ச்சல். அதற்கும் ஒன்பது நாள் கழித்து, தன் கையெழுத்திலேயே இருந்தது: 'முகத்துண்டு ஏழு. ஒரே நாள். கறை இல்லை.'

மகள் கை கழுவிக் கழுவித் துடைத்துப் போட்ட அந்த ஏழு துண்டும் நினைவிருந்தது. கூடம் முழுக்கக் காட்டிப் பீற்றிக்கொண்டாளே! "என் ரத்தம்ல, சுத்தத்தைப் பாருங்க!" அன்று சாயங்காலமே மகளுக்கு வாசனை சோப்பு ஒன்று வாங்கிப் போனாள். தட்டு பறந்தது அதற்கு மூன்று வாரம் கழித்து. கை கழுவுவதை நோயென்று அவள் எண்ணவே இல்லை. அதனால் எல்லா டாக்டருக்கும் தட்டு பறந்த நாளைத்தான் சொன்னாள். தன்னை நினைத்தே அவளுக்குக் குமட்டியது.

அன்றைக்கே இரண்டு பிள்ளைகளையும் சீட்டுகளையும் தூக்கிக்கொண்டு நாலாவது டாக்டரிடம் ஓடினாள். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைப் பிரிக்கப் போவதையும் சொன்னாள். அந்த அம்மாள் தேதிகளை இரண்டு முறை படித்தார். தொண்டையிலும் ரத்தத்திலும் சோதனைக்கு எழுதினார்.

"தொண்டைக் கிருமியை அடிக்கக் கிளம்புன உடம்பு, தப்பா மூளையையும் அடிக்குது போல இருக்கு. சோதனை முடிவு வரட்டும். ஆனா யாரும் யாரையும் பாத்துக் கத்துக்கல. பிரிக்காதீங்க. இந்தத் தேதியை இதுவரைக்கும் ஒருத்தரும் கேக்கலையா?"

"கேட்டாங்க டாக்டர். நான்தான் தப்பாச் சொன்னேன்."

ஞாயிற்றுக்கிழமை பையோடு வந்த கணவனின் அக்காவை வாசலிலேயே நிறுத்தினாள். "அவன் எங்கயும் வரலை அண்ணி. நீங்க கிளம்புங்க." கணவன் அப்போதும் தரையைத்தான் பார்த்தான்.

சோதனை முடிவு டாக்டர் சொன்னதையே சொன்னது. மருந்து தொடங்கி ஒரு மாதத்தில் சின்னவன் தட்டை வழித்துச் சாப்பிட்டான். பெரியவளுக்கு அவ்வளவு எளிதாக இல்லை. ஒரு நாள் பள்ளி விட்டு வந்து, தள்ளி உட்கார்ந்தபடி கேட்டாள்.

"அவனுக்குச் சரியாயிடுச்சே, எனக்கு ஏம்மா ஆகல?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "உனக்கு உடம்பு முடியாம போனப்ப நான் கவனிக்கல. சோப்பு வாங்கிக் குடுத்தேன். அதான் உனக்கு மருந்து லேட்டாயிடுச்சு."

பெண் தன் சிவந்த விரல்களைப் பார்த்தாள்.

"முதல் நாளே கழுவுறதை நிறுத்தணும்னுதான் பாத்தேன், முடியல. பயமா இருந்துச்சு. சொல்லலாம்னு வந்தேன். நீ அவ்ளோ சந்தோஷமா இருந்தியா, அதான் சொல்லலம்மா."

அவள் மகளை அணைக்கக் கையை நீட்டினாள். பெண் சுவரோடு ஒடுங்கினாள். நீட்டிய கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.