அஞ்சு நிமிஷ வேலை

என் படுக்கையறை ஏசி ஒன்பது வருஷமாகத் திறந்தே கிடக்கிறது. மூடி அலமாரிக்கு மேலே இருக்கிறது, விசிறி கட்டிலுக்கு அடியில். ஸ்க்ரூக்கள் எங்கே போயின என்று யாருக்கும் தெரியாது. கழற்றியவன் என் மனைவியின் தம்பி. தொழிலே ஏசி மெக்கானிக்தான். "அஞ்சு நிமிஷ வேலை அத்தான்" என்று கழற்றினான். ஏதோ ஒரு சாமான் வாங்கிவருகிறேன் என்று படியிறங்கினான். அதோடு சரி. வேறு ஆளைக் கூப்பிடலாம் என்றால், "என் தம்பி இருக்கும்போது வெளியாளா?" என்று மனைவி சண்டைக்கு வருவாள். தம்பியைத் திட்டினாலும் சண்டைக்கு வருவாள். திட்டுகிற உரிமை அவளுக்கு மட்டும்தான் உண்டு.

அவனுக்கு 'அரை' என்று பேர் வைத்ததே அவள்தான். சின்ன வயதில் சட்டையில் ஒரு கையை மட்டும் நுழைத்துக்கொண்டு விளையாட ஓடிவிடுவானாம். வளர்ந்தும் அப்படியேதான். அவன் வீட்டுச் சுவர் ஜன்னல் வரைக்கும் நீலம், அதற்கு மேல் வெறும் சிமெண்ட். சவரம் செய்யும்போது போன் வந்தால், ஒரு கன்னத்து நுரையைத் துடைத்துவிட்டு வேலைக்குக் கிளம்பிவிடுவான். கூப்பிட்டால் வரமாட்டேன் என்று சொன்னதே இல்லை. உச்சி வெயிலில், கால் பொசுங்குகிற மொட்டைமாடியிலும் ஏறுவான். அதனால்தான் தெருவே அவனைத் திட்டிக்கொண்டே கூப்பிட்டது. எந்த மெஷின் முனகினாலும் அவன் காது விடைத்துக்கொள்ளும், திறந்து பார்க்காவிட்டால் கை அரிக்கும். திறக்கிறதில் உள்ள ஆசை மூடுகிறதில் இல்லை.

பேரைப் பற்றி அவன் கவலைப்பட்டதே கிடையாது, மகள் வேலைக்குப் போகிற வரைக்கும். முதல் நாளே ஆபீஸில் எங்கள் தெருக்காரன் ஒருத்தன், "இது நம்ம அரையோட பொண்ணு" என்று எல்லோருக்கும் அறிமுகம் செய்துவைத்தான். அவள் வீட்டுக்கு வந்து கைப்பையைக்கூடக் கழற்றாமல் நின்றாள்.

"அப்பா, ஒண்ணு பேரை மாத்துங்க. இல்ல, ஊரை மாத்துங்க."

அன்றைக்கு மட்டும் தட்டில் போட்டதை முழுசாகச் சாப்பிட்டு எழுந்தான் என்று அவன் பெண்டாட்டி சொன்னாள்.

அந்தச் சமயம் பணக்காரர்கள் விளையாட்டு கிளப் ஒன்றில் ஏசியைத் திறந்து போட்டிருந்தான். அங்கே சுவரில் ஒரு நோட்டீஸ். கடலில் நீந்தி, நீண்ட தூரம் சைக்கிள் மிதித்து, அதற்கு மேல் ஓடவும் வேண்டும். எல்லாம் ஒரே நாளில், சூரியன் மறைந்து சங்கு ஊதுவதற்குள். 'கொதிக்கும் வெயில்! கொல்லும் காற்று!' என்று, ஏதோ கல்யாண விருந்துக்குக் கூப்பிடுகிற மாதிரி கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். அதே வெயிலில் மாடியில் நின்று வேலை பார்க்கிறவனுக்கு ஒரு சொம்பு தண்ணீர் கொடுக்க யோசிக்கிற ஆட்கள்தான், அங்கே ஓடுகிறவனுக்கு மெடல் கொடுக்கிறார்கள்.

எங்கள் வீட்டுக்கு வந்து, "சேந்துட்டேன்" என்றான்.

"அதுல பாதி தூரப் போட்டியும் இருக்காமே?" என்றாள் அக்காக்காரி. "உனக்குன்னே வெச்சிருக்கான்டா."

"முழுசுதான்க்கா. முடிச்சா, அப்புறம் ஒருத்தரும் என்னை அரைன்னு கூப்பிடக் கூடாது."

"முடிக்கலேன்னா?"

"கடை போர்டுலயே எழுதிக்கிறேன்."

மறுநாளிலிருந்து கிளப் ஏசியை முடிக்கப் போவதாகச் சொல்லி, தினமும் போய் அவர்கள் குளத்திலேயே நீச்சல் பழகினான். நீச்சல் வந்துவிட்டது. ஏசி அப்படியே கிடந்தது.

போட்டி நாளில் நானும் போனேன். வெளியாள் தொட்டாலோ தண்ணீர் கொடுத்தாலோ ஆட்டத்திலிருந்து தூக்கிவிடுவார்களாம். ஆகவே கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று வேடிக்கை பார்க்க மட்டும்தான் எனக்கு அனுமதி. ஒன்பது வருஷமாகச் செய்கிற வேலைதான்.

கடலைக் கடந்துவிட்டான். "பாதியில விடலாம்னு பாத்தேன் அத்தான். திரும்பி வர்றதும் அதே தூரம்தான்னு தெரிஞ்சுது" என்று சொல்லிக்கொண்டே சைக்கிளில் ஏறினான். போகும்போது எதிர்க்காற்று. வரும்போதாவது முதுகில் தள்ளும் என்று பார்த்தால், காற்று திரும்பி அப்போதும் எதிரேயே அடித்தது. காற்றுக்கும் அவன் மேல் ஏதோ பழைய பகை. தார் ரோடு இளகி டயரில் ஒட்டியது. இரும்பு மாதிரி உடம்பை வளர்த்த ஆட்களெல்லாம் ஓரமாக உட்கார்ந்து அம்மாவைக் கூப்பிட்டார்கள். இவன் மண்ணும் உப்புமாக, பொரித்த கருவாடு மாதிரி வந்து இறங்கினான். ஆனால் இறங்கி ஓடினான். ஓட்டமென்று சொல்ல முடியாது, விழாமல் போனான் என்று சொல்லலாம்.

கடைசி வளைவு. கண்ணுக்கு எதிரே முடிகிற கோடு, அங்கே கையை ஆட்டிக்கொண்டு மகள். சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. வளைவில் மயங்கினவர்களைப் படுக்கவைத்த கூடாரம். உள்ளே ஒரு பெரிய ஏர் கூலர் 'கடகட' என்று சத்தம் போட்டபடி காற்றைத் தள்ளிக்கொண்டிருந்தது.

அவன் நின்றான். காது விடைத்தது.

"வேணாம்டா" என்றேன்.

"பேரிங் லூஸ் அத்தான். அஞ்சு நிமிஷ வேலை."

சைக்கிளுக்கென்று இடுப்பில் சொருகியிருந்த சின்ன ஸ்க்ரூடிரைவரை உருவினான். டாக்டரம்மா "யாருங்க நீங்க?" என்று கேட்டு முடிப்பதற்குள் பின்மூடி தரையில் இருந்தது. ஸ்க்ரூக்களை வழக்கம்போல வாயில் அடக்கிக்கொண்டான். கூலர் நின்றுவிட்டது. மயங்கிக் கிடந்தவர்கள்கூட எழுந்து திட்டினார்கள்.

"மச்சான், ஓடு! சங்கு ஊதப் போறான்!" என்று கத்தினேன்.

கையில் கழற்றின விசிறியோடு என்னைப் பார்த்தான். கூலரைப் பார்த்தான். வாயில் ஸ்க்ரூக்களோடு குழறினான்: "இதை இப்டியே விட்டா அரைன்னுதான் சொல்லுவாங்க அத்தான்."

"அங்க போகலேன்னாலும் அரைதான்டா!"

கோட்டிலிருந்து மகள் கத்தினாள்: "அப்பா! இன்னும் கொஞ்சம்தாம்ப்பா!"

விசிறியை டாக்டரம்மா கையில் கொடுத்துவிட்டு ஓடினான். இந்தத் தடவை அது நிஜமான ஓட்டம். காற்று மண்ணை அள்ளி முகத்தில் அறைந்தது. அவன் வாயைத் திறக்கவே இல்லை. "பாருங்கள், என்ன வைராக்கியம்! உதட்டை இறுக்கி, மூக்கால் மட்டுமே மூச்சு விடுகிறார்!" என்று மைக் பிடித்தவன் அலறினான். கோட்டைத் தாண்டினான். அப்புறம்தான் சங்கு ஊதியது.

மெடல் போட்டார்கள். மைக்கை நீட்டி, "ரெண்டு வார்த்தை பேசுங்க" என்றார்கள். தலையை மட்டும் ஆட்டினான். உணர்ச்சிவசப்பட்டுவிட்டார் என்று கூட்டம் கை தட்டியது. மகள் கட்டிக்கொண்டு அழுதாள். "எங்கப்பா முழுசா முடிச்சுட்டாரு" என்று முன்பின் தெரியாதவர்களிடமெல்லாம் சொன்னாள். என் மனைவி போனில், "குடு, என் தம்பிகிட்ட குடு" என்று அவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவனுக்கு ஒரு பேர் இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் ஞாபகம் வந்தது.

அந்த நேரம் பார்த்து வளைவுப் பக்கமிருந்து டாக்டரம்மா குரல் கேட்டது. "எங்கங்க அந்த ஆளு, இதைப் பாதியில விட்டுட்டுப் போனவரு?"

அவன் முகம் செத்துப்போயிற்று. மகள் இன்னும் திரும்பவில்லை. என்னை ஓரமாக இழுத்தான். உள்ளங்கையை விரிக்கச் சொல்லி, வாயிலிருந்த ஸ்க்ரூக்களை அதில் துப்பினான். கூடவே அந்த ஸ்க்ரூடிரைவரையும் வைத்தான்.

"அத்தான், பாப்பா காதுல விழறதுக்குள்ள ஓடிப்போய் அதை மூடிட்டு வந்துடுங்க. அஞ்சு நிமிஷ வேலைதான்."